நிறுத்தி வைத்த ஆலை

…ஐயோ, இவர்களை என்னதான் செய்வது, ஓடுகிற ஆலையை அளக்கத்தானே வந்தேன், நிறுத்தியல்லவா வைத்திருக்கிறார்கள், ஜவ்வரிசி வறுக்கிற அடுப்பில் நெருப்பில்லை, கிழங்கு அரைக்கிற இயந்திரம் கழுவித் துடைத்து நிற்கிறது, மோட்டாருக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வேறு, இன்றைக்கு என்ன ஆயுத பூஜையா? மேஸ்திரி செல்லமுத்து வாசலிலேயே கும்பிட்டு, "நீங்க வர்றீங்கன்னுதான் எல்லாத்தையும் நிறுத்திட்டேங்க, பொகையே இல்ல பாருங்க" என்று பெருமையாகச் சிரித்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு… அடுப்புப் புகை எவ்வளவு, கரண்டு எவ்வளவு என்று கணக்கெடுக்கத்தானே முதலாளி என்னைச் சென்னையிலிருந்து வரவழைத்தார், அந்தக் கணக்கு இல்லாமல் ஒரு மூட்டைகூட வாங்கமாட்டேன் என்கிறான் வெளிநாட்டுக்காரன், இந்த மனுஷர் என்னடாவென்றால் பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீட்டைப் பெருக்குவதுபோல் பெருக்கி வைத்திருக்கிறார். "டாக்டர் வந்தா காய்ச்சல ஒளிச்சு வெப்பீங்களாண்ணே?" என்று கத்தியேவிட்டேன். "கோவப்படாதீங்க, ஒரு வாய் டீ குடிங்க" என்கிறார், டீயாம் டீ! கள்ளக்குறிச்சியில் மளிகைக்கடை நூர் முகமதுவின் மகளாகப் பிறந்த இந்த அஸ்ரினுக்கு, எனக்கு, இது தெரிந்திருக்க வேண்டாமா, எடை சோதிக்கிற அதிகாரி வருகிறார் என்றால் அத்தாவும் முதலில் தராசைத்தானே கழுவுவார்…

சரி, வந்ததற்கு நான் கையோடு கொண்டுவந்த மீட்டரையாவது சரிபார்ப்போம் என்று மெயின் ஒயரில் கவ்வவிட்டால், பூஜ்யம் காட்ட வேண்டியது காட்டவில்லை. எல்லாம் நின்றிருக்க யார் இழுக்கிறார்கள் கரண்டை? மீட்டர் கெட்டுவிட்டதா, இன்றைக்கு யார் முகத்தில் விழித்தேன், கழற்றி மறுபடி மாட்டினாலும் அதே எண். "வீணாப் போறது எதுவா இருந்தாலும் எழுதுங்க, அன்னிக்கே ஒயர வெட்டிடறேன்" என்று முதலாளி போனில் சொன்னது நினைவுக்கு வந்தது, ஒயர் போன வழியே பின்சுவரைச் சுற்றிப் போனேன், கல்வராயன் மலையிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் தகரக் கொட்டகைகள், நடுவில் ஒரு போர் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, குழாயடியில் கிழங்கு உரிக்கிற பாப்பாத்தி என்பவள் குடம் வைத்திருக்கிறாள். எல்லாவற்றையும் நிறுத்தியாயிற்று என்றாரே மேஸ்திரி, இது என்ன என்று அவளிடம் பாய்ந்தேன். "இத்த நிறுத்துனா குடிக்கறதுக்கு இன்னாங்க பண்ணுவோம்? மேஸ்திரிதான் ஆலையிலேர்ந்து லைன் இழுத்துக் குடுத்தாரு. மொதலாளிக்குத் தெரியாதுங்க." கடைசி வார்த்தையைச் சொன்ன பிறகுதான் அவளுக்கே பயம் வந்தது.

அடப்பாவிகளா, ஆலை ஓடியிருந்தால் இத்தனூண்டு மோட்டார் அந்தப் பெரிய கணக்கில் கரைந்து போயிருக்குமே, எனக்குத் தெரிந்தே இருக்காதே, மரியாதை செய்கிறேன் என்று நீங்களே காட்டிக்கொடுத்துக்கொண்டீர்களே செல்லமுத்து அண்ணே… இப்போது எண் மீட்டரில் பதிந்துவிட்டது, எழுதினால் நாளைக்கே இந்தக் குழாய் காய்ந்துவிடும், எழுதாமல் விட்டால் பொய்க் கணக்குக்கு நான் எதற்கு, முதலாளியிடம் பேசிப் பார்க்கலாமா, பேசினால் கேட்கிற ஆளா அவர், அழிப்பதற்கு ஒரு பொத்தான், அவ்வளவுதான், என் விரல் எப்போது அங்கே போனது? குடம் நிரம்பி வழிகிறது, பாப்பாத்தி அதைத் தூக்காமல் என் கையையே பார்க்கிறாள். மறைக்காதே மறைக்காதே என்று வந்ததிலிருந்து கத்தினேனே, இப்போது துடைப்பத்தோடு நிற்பது நானா…