மிதி எண்ணும் பெட்டி

1

"நான் மிதிக்கிறேனா இல்லையா? நீயே சொல்லுடி."

அண்ணன் இப்படிக் கேட்டதில்தான் இந்தக் கதை பிறந்தது. ஹாலில் தாங்கியில் நிறுத்திய சைக்கிள் மேல் அவன். மூக்கு நுனியில் வியர்வை. கைப்பிடியில் தீப்பெட்டி அளவு கணினி. நிமிடத்துக்கு எத்தனை மிதி என்று காட்ட வேண்டிய இடத்தில் சைபர்.

தங்கை அந்தச் சைபரை எட்டிப் பார்த்தாள். (தங்கை நான்தான். 'நான்' என்று எழுதக் கூச்சமாக இருப்பதால் இனி 'அவள்'.)

2

வேறு தொடக்கம்: ஓர் ஊரில் ஓர் உணரி... வேண்டாம். எனக்கே புரியவில்லை. சென்சார் என்போம். மிதிக்கட்டையைத் தாங்கும் தண்டில் ஒரு குட்டிக் காந்தம். அது சென்சாரைக் கடக்கும்போதெல்லாம் பெட்டி ஒன்று என்று எண்ணிக்கொள்ளும். நிமிடத்துக்குத் தொண்ணூறு, ஒரு மணி நேரம் விடாமல். சனிக்கிழமைக்குள் அதைப் பயிற்சியாளரிடம் காட்டினால்தான் அண்ணனுக்கு அணியில் இடம்.

பேட்டரி மாற்றினான். சென்சாரை நெருக்கினான், தள்ளினான், கறுப்பு டேப் சுற்றினான். கடைசியில் கெஞ்சிக்கூடப் பார்த்தான்.

"ஒரு மணி நேரமா ஓட்டுற, இன்னும் ஹாலையே தாண்டல," என்றாள் அம்மா. "அந்தப் பெட்டி உண்மையத்தான்டா சொல்லுது."

3

இந்த இடத்தில் அவளை நல்லவளாக எழுதப் பார்த்தேன். 'அண்ணன் என்றால் அவளுக்கு உயிர், ஆகையால்...' அடித்துவிட்டேன். காந்தத்தை எடுத்தவளே அவள்தான். அந்த இடத்தில் அம்மாவின் மழைக்கோட்டுப் பட்டனை ஒட்டிவைத்தாள். கறுப்புக்குக் கறுப்பு, வட்டத்துக்கு வட்டம்.

எதற்கு? வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "எழுதறதுன்னாலே எனக்கு ஆகாதும்மா" என்று பள்ளியை விட்டு நின்றவள். இப்போது எழுதுகிறாள் என்று தெரிந்தால் மறுநாளே வகுப்பில் கொண்டுபோய் உட்கார்த்திவிடுவார்கள். ஆகவே அவள் கதை எழுதும் நோட்டு இரும்பு பீரோவின் முதுகில் தொங்குகிறது, அட்டைக்குள் காந்தத்தோடு.*

* முதலில் ஃபிரிட்ஜ் காந்தத்தை வைத்துப் பார்த்தாள். இதற்கு முந்தைய கதையின் இரண்டாம் அத்தியாயக் கனம் தாங்காமல் விழுந்துவிட்டது.

4

முடிவு அ: சென்சார் தானாகச் சரியாகிறது. (சென்சாரைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.)

முடிவு ஆ: அவள் ஒப்புக்கொள்கிறாள். (அவளைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.)

நடந்தது: வெள்ளிக்கிழமை சைக்கிள் கடைக்காரர் வந்தார். ஸ்க்ரூடிரைவர் நுனியைக் காந்தத்தின் மேல் வைத்தார். ஒட்டவில்லை.

"தம்பி, இது பட்டன்."

"அட, என் கோட்டு பட்டன்!" என்றாள் அம்மா.

அண்ணன் தங்கையைப் பார்த்தான். தங்கை, புத்தி கெட்டு, பீரோ இருந்த அறையைப் பார்த்தாள்.

ஹாலில் மற்ற இருவரும் பட்டனை ஆராய்ந்துகொண்டிருக்க, அவன் உள்ளே போய் பீரோவை நகர்த்தினான். நோட்டை முதல் வரியிலிருந்து முடிவு ஆ வரை நின்றபடியே படித்தான். அவள் கதவோரம் நின்றாள். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது.

சனிக்கிழமை தொண்ணூறு வந்ததா, அம்மா காதுக்கு விஷயம் போனதா என்பதையெல்லாம் நீங்களே மிதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: காந்தத்தைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டான். கறுப்பு டேப்பில் இரண்டு துண்டு கிழித்தான். நோட்டைப் பீரோவின் முதுகில் பழைய இடத்திலேயே ஒட்டினான். பீரோவைச் சுவரோடு தள்ளிவிட்டு வெளியே போனான்.