பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிய சப்பாத்து

திருகோணமலைக் கடைத்தெருவில் சப்பாத்தைப் போட்டுப் பார்த்து வாங்கலாம். ஓடிப் பார்த்து வாங்க முடியாது. சந்திக்குச் சந்தி ஆமிக்காரரின் காவல் சென்ட்ரி இருந்த காலம். ஓடுகிறவனிடம் காரணத்தை அவர்கள் நீட்டும் துவக்குதான் முதலில் கேட்கும்.

சல்லிக் கிராமத்து யோகலிங்கத்துக்கோ ஓடியே ஆகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு ஆசிரியர் பயிற்சிக்கான தெரிவு ஓட்டம். போன வருசம் இரவல் சப்பாத்து குதியை உரித்து, பாதி வழியில் உட்கார வைத்துவிட்டது. வருகிற வருசம் வயது கடந்துவிடும்.

கடைக்காரர் சரீப் நானா வெள்ளைவெளேரென்று ஒரு சோடியை எடுத்து வைத்தார். யோகலிங்கம் கடைக்குள் நாலடி நடந்தான். மெத்தென்றிருந்தது.

"கட்டட்டா தம்பி?"

"இரவல் சப்பாத்தும் நடக்கேக்க நல்லாத்தான் இருந்தது நானா. ஓடிப் பாக்காமல் ஏலாது."

"உள்ளுக்க ஓடினா என்ட கண்ணாடி அலுமாரி போயிடும். வெளியில ஓடினா நீங்க போயிடுவீங்க." நானா தாடியைச் சொறிந்தார். வந்த ஆளை வெறுங்கையோடு விட்டால் அவருக்குச் சோறு இறங்காது. "சென்ட்ரிக்காரன் பாத்திருக்க இந்த ஊராக்கள் எதுக்குப் பின்னால ஓடுறவங்க?"

"பஸ்ஸுக்குப் பின்னால."

"அப்ப வாங்க."

கந்தளாய் பஸ் புறப்பட்டதும் யோகலிங்கம் துரத்தினான். பத்து எட்டு வைப்பதற்குள் குதி கழன்று சப்பாத்து கோணிக்கொண்டது. கண்டக்டர் இரக்கப்பட்டு மணியடித்தார்.

"ஏறுங்கோ தம்பி."

"நான் வரேல்லை அண்ணை. சப்பாத்துப் பாக்கிறன்."

கண்டக்டர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

"உங்கட காலுக்கு முன்னால இடம் வேணும், பின்னால பிடி வேணும்," என்று நானா, வெயிலில் வெளிறிப்போய் ஒருவரும் தொடாத நீலச் சோடியைக் கொண்டுவந்தார்.

நிலாவெளி பஸ் நகர்ந்தது. இம்முறை குதி அசையவில்லை. விரல்கள் தாராளமாக விரிந்தன. அந்தச் சந்தோசத்தில் யோகலிங்கம் பஸ்ஸை முந்திவிட்டான். பஸ்ஸை முந்துகிறவன் பஸ்ஸுக்கு ஓடுகிறவன் இல்லையே. மண்மூட்டைக்குப் பின்னால் ஆமிக்காரன் எழுந்து நின்றான்.

ஆமிக்காரன் கையை உயர்த்தி மறித்தது பஸ்ஸை. டிரைவரைச் சிங்களத்தில் நாலு ஏச்சு ஏசிவிட்டு, யோகலிங்கத்தைப் பார்த்து ஏறச் சொல்லித் தலையாட்டினான்.

ஏறாமல் இருக்க முடியுமா? போய் விழுந்தது ஜன்னலோரச் சீட்டில். மூச்சு திரும்பி வந்ததும் சப்பாத்தைக் கழற்றிக் குதியைத் தடவினான். ஒரு சிவப்புக்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை முதன்முறையாகச் சின்னதாகத் தெரிந்தது.

பஸ் நகர்வதற்குள் இளைக்க இளைக்க வந்த நானா, ஜன்னலுக்குள்ளால் அவனுடைய பழைய செருப்பை நீட்டினார்.

"கடிச்சதா?"

"இல்லை நானா. எனக்கெண்டே தைச்ச மாதிரி இருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ். நல்லம் எண்டு உங்கட வாயாலயே சொல்லிட்டீங்க. இனி விலை பேச ஏலாது."