ஷரீபா பீவி காணாத கனவு

என்ன பிள்ளைகளா, எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா? வீட்டுப் பெரியவர்கள், கைக்குழந்தைகள் எல்லாம் எப்படி இருக்கிறார்கள்? காய்ச்சல், சளி என்றால் ஒரு கஷாயம் வைத்துக் கொடுத்துவிடலாம். மனசுக்கு வருகிற நோவைத்தான் தொடக்கத்தில் யாரும் கேட்பதில்லை. அப்படி ஒரு நோவில் விழுந்து எழுந்த பெண்ணின் கதை இது. அவளைவிட, அவளைப் பெற்றவளின் கதை என்றுதான் சொல்ல வேண்டும்.

மேலப்பாளையத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் ஷரீபா பீவி இருந்தாள். புருஷன் சின்ன வயசிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் பாத்து என்ற மகள் ஒருத்திதான். கண்ணெதிரே இருக்கட்டும் என்று, அதே தெருவில் தறி போட்டிருந்த ஹபீப் முகம்மதுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தாள். பையன் சாது. அவனைப் பெற்ற ஹமீது பீவிதான் வாயில் கங்கு வைத்துக்கொண்டு பேசுகிறவள்.

வால் நட்சத்திரம் தெரிந்தது என்பார்களே, அந்த 1910-ஆம் வருஷம். விடியற்காலையில் தெருவே கிழக்கே அண்ணாந்து நின்றபோது ஹபீப் வீட்டிலிருந்து அலறல் வந்தது. பாத்து பெற்று நாற்பது நாள்கூடக் கழியாத ஆண்பிள்ளை, பாயில் சில்லிட்டுக் கிடந்தது.

அலறியது மாமியார்க்காரி. பாத்து அழவே இல்லை. அதுதான் முதல் கெட்ட அடையாளம்.

தறி நெய்கிறவர் காலைத் தொங்கப்போட்டு மிதிக்க வீட்டுக்குள்ளேயே ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள், தறிக்குழி. பிள்ளையை அடக்கம் செய்த சில நாளில் பாத்து அதற்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டாள். ஹபீப் தூக்கி வெளியே விட்டான். மறுபடி இறங்கினாள். அப்புறம், ஓடி வந்த தாயிடம் சொல்லிக்கொண்டே நகத்தால் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தாள்.

"இதுக்கு அடியில கெடந்து அழுவுதான் உம்மா. உனக்குக் கேக்கலையா? மண்ணை எடு, சீக்கிரம் எடு."

நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. அவள் நிறுத்தவில்லை. வைத்தியர் கொடுத்த எண்ணெய் தலையில் ஊறியது, உள்ளே இறங்கவில்லை. ஒருநாள் தடுக்க வந்த மாமியாரின் கையைக் கடித்துவிட்டாள். அன்றைக்கே வண்டி கட்டினார்கள், ஷரீபாவும் துணைக்கு ஏறிக்கொண்டாள்.

அம்பாசமுத்திரம் போகிற பாதையில், ஆற்றங்கரை மருதமரங்களுக்கு நடுவே ஒரு தர்கா. புத்தி கலங்கினவர்களை எல்லாச் சாதியிலிருந்தும் அங்கே கொண்டுவந்து விடுவார்கள். கணுக்காலில் ஒரு சங்கிலி, மறுமுனை கல்தூணில். அதைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் மீரா முகைதீன் லெப்பை. கட்டுவதற்கு அவர் கை போதும். அவிழ்க்க உத்தரவு வேண்டும். அங்கே அடங்கியிருக்கிற இறைநேசர், அந்த அவுலியாவே நோயாளியின் கனவிலோ, அவளுடைய ரத்த உறவின் கனவிலோ வந்து "போகலாம்" என்று சொல்ல வேண்டும். அவர் உத்தரவு இல்லாமல் போனவர்களைப் பிடித்த நோவு பழையதைவிடப் பெரிதாய்த் திரும்பும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த பேச்சு.

"தெளிஞ்சிட்டான்னு சொல்ல நாம ஆரு?" என்பார் லெப்பை. "பாக்கதுக்கு நானுந்தான் தெளிஞ்ச ஆளு மாரி இருக்கேன்."

பொய் சொல்லக்கூடாது, பாத்து அங்கே தேறினாள். பிற்பகல் தொழுகையான அசருக்குப் பிறகு லெப்பை ஓதி ஊதிய தண்ணீர். சாயங்காலம் சாம்பிராணிப் புகைக்குள் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒரே மூச்சாக அல்லாஹ்வின் பேரைச் சொல்கிற நேரம். முதலில் அவள் உதடு மட்டும் அசைந்தது. அப்புறம் குரல் வந்தது. ஒருநாள் அந்த வட்டத்தின் நடுவிலேயே, செத்த பிள்ளையின் பேரைச் சொல்லி ஓவென்று அழுதாள். பக்கத்தில் இருந்த பெண்கள் ஓதுவதை நிறுத்தாமலே அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு மண்ணுக்கு அடியில் சத்தம் கேட்கிறது என்ற பேச்சே இல்லை. சங்கிலி எட்டுகிற தூரம் வரைக்கும் முற்றத்தைக் கூட்டினாள். மருதூர்ப் பக்கத்து மாரித்தாய், தம்பிக்குக் காவலாக அங்கே கிடந்தவள், கேலி பேசினால் திருப்பிப் பேசினாள்.

"ஏளா பாத்து, நீ கூட்டுத கூட்டுல தூணே தேஞ்சு போவும் போலிருக்கே."

"தேயட்டும் மதினி. அப்பமாவது என்னை விடுவாங்கல்லா."

ஆனால் உத்தரவு வரவில்லை. பாத்துவுக்கும் வரவில்லை, ஷரீபாவுக்கும் வரவில்லை. அந்த நேரத்தில்தான் ஹமீது பீவி வண்டியில் வந்து இறங்கினாள். சங்கிலியைப் பார்த்துவிட்டுச் சம்பந்தியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இன்னும் கட்டித்தான் கெடக்காளா? நாளைக்கு அசருக்குள்ள வீடு வந்து சேரணும். இல்லைன்னா எம் மவனுக்கு வேற எடம் பாத்து வச்சிருக்கேன்."

"நல்லாத்தானே இருக்கா சம்பந்தி, நீங்களே பேசிப் பாருங்க."

"நல்லா இருக்கவளுக்கு எதுக்கு இரும்பு?"

சம்பந்தியை வண்டி ஏற்றிவிட்டு ஷரீபா தூணடிக்குத் திரும்பினாள். அன்றைக்குச் சீக்கிரமே பாயை விரித்துப் படுத்தாள். கனவு வரவேண்டும் என்றால் தூங்க வேண்டும். தூங்க வேண்டும் என்று நினைக்க நினைக்கக் கண் கொட்டவில்லை. எழுந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். விடியற்காலை சுபுஹுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். பொழுது வெளுத்ததும் நேரே லெப்பையிடம் போனாள்.

"வந்தாரு லெப்பை. போவச் சொல்லிட்டாரு."

லெப்பை அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "எந்தப் பக்கமா வந்தாரு?"

"ஆத்துப் பக்கமா. வெள்ளைத் துணி."

"அல்லாஹ் அறிவான்," என்று சாவியை எடுத்தார்.

சங்கிலி விழுந்ததும் பாத்து தாயைக் கட்டிக்கொண்டு குலுங்கினாள். "எனக்கு வரலைன்னா என்ன உம்மா, உனக்கு வந்துட்டாருல்லா! என்னை விட்டுட்டாருல்லா!"

திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும் என்பது முறை. வாசல் தாண்டும்போது மாரித்தாய் ஷரீபாவின் முழங்கையைப் பிடித்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"ஏக்கா, நீ பைய எந்திரிச்சு உக்காந்ததுல இருந்து நானும் முழிச்சுத்தான் கெடந்தேன். நீ கண்ணையே மூடலையே. சொப்பனம் எப்பிடி வந்துச்சு?"

ஷரீபா கையை உதறிக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்த பாத்து நன்றாகத்தான் இருந்தாள். தறிக்குத் தார் நூல் சுற்றினாள், கஞ்சி காய்ச்சினாள், மாமியார் வாய்க்குப் பதில் பேசாமல் இருந்தாள். சில நாள் பயம் வரும். தறிக்குழிப் பக்கம் போகும்போது முகம் வெளிறும். உடனே குனிந்து கணுக்காலைத் தொட்டுக்கொள்வாள். "அவுலியா அப்பா என்னை விட்டுட்டாரு, எனக்கு என்ன பயம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேலையைப் பார்ப்பாள். அவள் பிடித்து நடந்த கம்பு அது ஒன்றுதான். அந்தக் கம்பு எந்த மரத்தில் வெட்டியது என்று ஷரீபாவுக்கு மட்டும் தெரியும்.

அன்றிலிருந்து ஷரீபா காவல் காக்கத் தொடங்கினாள். மகள் கொஞ்சம் உரக்கச் சிரித்தால் ஓடி வந்து எட்டிப் பார்ப்பாள். பேசாமல் இருந்தால் அதைவிட மோசம். ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு போய் மகளின் நகத்தைப் பார்த்துவிட்டு வருவாள், மண் இருக்கிறதா என்று. தூக்கம் அடியோடு போனது. கண்ணை மூடினால் தரையில் சங்கிலி இழுபடுகிற ஓசை. தூங்கிவிட்டால் அவுலியா வந்துவிடுவார், 'நான் எப்பம் சொன்னேன்?' என்று கேட்டுவிடுவார் என்று பயந்து, தலை சாயும்போதெல்லாம் கையைக் கிள்ளிக்கொள்வாள்.

அப்புறம் பாத்து மறுபடி உண்டானாள். தெரு சந்தோஷப்பட்டது, ஹமீது பீவிகூட மாங்காய் அரிந்து கொடுத்தாள். ஷரீபாவுக்குத் தர்காப் பேச்சு நினைவுக்கு வந்தது. திரும்பி வருகிற நோவு பெரிதாக வரும் என்றார்களே, அது இந்தப் பிரசவத்துக்காகத்தான் காத்திருக்கிறதோ? வயிறு பெரிதாகப் பெரிதாக அந்தப் பயமும் வளர்ந்தது. மாதம் நெருங்கியபோது, எண்ணெய் நேர்ச்சை பாக்கி இருக்கிறது என்று மகளிடம் சொல்லிவிட்டுத் தனியாகத் தர்காவுக்குப் போனாள். லெப்பை முன்னால் உட்கார்ந்து உள்ளதைச் சொன்னாள்.

லெப்பை வெகுநேரம் இருமினார்.

"புள்ளய கூட்டிட்டு வா. கட்டித்தான் ஆவணும். அவரு சொல்லாம அவுத்தது எங் கையி. எனக்கும் கேள்வி உண்டு."

"கூட்டிட்டு வந்தா ஏன்னு கேப்பாளே லெப்பை. என்னத்தைச் சொல்லுவேன்? அவரு விட்டுட்டாருன்னு நெனச்சுத்தான் அவ நடமாடுதா. அது பொய்யின்னு நானே சொன்னா அந்த நிமிசமே குழிக்குள்ள எறங்கிருவா."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"என்னைக் கட்டும். அவ எடத்துல நான் கெடக்கேன். கேக்கதை எங்கிட்ட கேக்கட்டும்."

"ஏவுள்ள, இது ஜெயிலா, ஆளுக்கு ஆளு மாத்திக்கட்ட? இது நோவாளிக்கு உள்ளது."

ஷரீபா தலைமுக்காட்டை விலக்கி முகத்தை நிமிர்த்தினாள். குழிவிழுந்த கண், கிள்ளிக் கிள்ளிக் கன்றிப்போன கை. லெப்பை பார்த்தார். பிறகு எழுந்து சங்கிலியை எடுத்து வந்தார்.

தூணுக்கு அந்தப் பக்கம் மாரித்தாய் இன்னும் தம்பியோடுதான் இருந்தாள். தன் பாயைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டாள்.

போனவள் திரும்பவில்லை என்று மறுநாள் மத்தியானம் பாத்துவும் ஹபீபும் வண்டியில் வந்து சேர்ந்தார்கள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தவள் தாயின் காலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"உம்மா... என்ன இது?"

லெப்பை ஷரீபாவைப் பார்த்தார். மாரித்தாய் வேறு பக்கம் பார்த்தாள். ஒரு சொல் போதும். சொல்லிவிட்டால் ஷரீபா நெஞ்சில் கிடக்கிற பாறாங்கல் இறங்கிவிடும். இறங்கி யார் தலையில் விழும் என்று யோசித்தாள்.

"தூக்கம் இல்ல மவளே. புத்தி ஒருமாரி வருது. நானாத்தான் வந்தேன்."

பாத்து கீழே உட்கார்ந்து தாயின் கணுக்காலைச் சங்கிலியோடு சேர்த்துத் தடவினாள். ஹபீப் "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்," என்றான்.

"உத்தரவு இல்லாம எப்பிடி?" என்றாள் பாத்து. "எனக்காவ உம்மா கண்டாள்லா? உம்மாவுக்காவ நான் காண்பேன். நானும் ரத்த ஒறவுதானே."

"நீ வேண்டாம்!" ஷரீபா கத்தியே விட்டாள். "வாயும் வயிறுமா இருக்க. இங்கன படுக்கக்கூடாது. போ, வீட்டுக்குப் போ!"

"நோவுதான் உன்னை இப்பிடிக் கத்த வைக்கு," என்று பாத்து அன்பாகச் சொன்னாள். தாயின் மடியில் தலையை வைத்தாள். வண்டிக் குலுக்கலும் வெயிலும் சேர்ந்து அசத்த, அப்படியே தூங்கிப்போனாள்.

ஷரீபா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மகளின் மூடிய இமைக்குள் கருவிழி அங்குமிங்கும் ஓடுவது தெரிந்தது. புருவம் சுருங்கியது. உதடு யாருக்கோ பதில் சொல்வது போல ஒருதரம் பிரிந்து மூடியது. எழுப்பக் கையைத் தூக்கினாள். தூக்கிய கை அந்தரத்திலேயே நின்றது. அவுலியாவின் அடக்க இடம் இருந்த பக்கம் திரும்பி, 'அவகிட்டச் சொல்லிராதீரும், என்னைக் கேளும், என்னைக் கேளும்' என்று உள்ளுக்குள் மன்றாடினாள்.

அசர் பாங்குக்குப் பாத்து கண் விழித்தாள். தாயையே பார்த்தாள்.

"வந்தாரு உம்மா."

"என்ன... சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை. எம் பக்கம் திரும்பவே இல்லை. உன்னையே பாத்துக்கிட்டு நின்னாரு." பாத்து எழுந்து உட்கார்ந்து முந்தானையைச் சரி செய்தாள். "உம்மேல அவருக்கு எதும் கோவமா உம்மா?"

"எம்மேல என்ன கோவம் மவளே."

"கோவம் இல்லைன்னா ஒரு வார்த்தை சொல்லிருப்பாரே."

அவள் குரலில் பதற்றம் இல்லை. ஹபீபைக் கூப்பிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போகச் சொன்னாள். அவுலியா வாய் திறக்கும்வரை தான் இங்கேதான் இருக்கப்போவதாகவும், பிரசவம் ஆனாலும் இங்கேதான் என்றும் சொன்னாள். மாரித்தாயிடம் ஒரு பாய் கேட்டு வாங்கித் தாயின் பக்கத்தில் விரித்தாள். அந்த நிதானம் தெளிந்தவளின் நிதானமா, இல்லை மற்றதா என்று ஷரீபாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பொழுது அடைந்ததும் மஃரிபுக்குச் சாம்பிராணி போட்டார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். பாத்து காலில் இரும்பு இல்லாமல் அவர்களுக்கு நடுவே உட்கார்ந்து ஓதத் தொடங்கினாள். தூணோடு கிடந்த ஷரீபா வேறு எந்தக் குரலையும் கேட்கவில்லை. எந்த இடத்தில் இடறும், எந்த மூச்சில் அறுபடும் என்று அந்த ஒரு குரலையே பிடித்துக்கொண்டு கிடந்தாள். குரல் இடறவில்லை. புகை அடர்ந்து முகங்கள் மறைந்த பிறகும் அது சீராக வந்துகொண்டுதான் இருந்தது. இத்தனை மாதமாக வராத தூக்கத்தில் ஷரீபாவின் இமைகள் கனத்துக் கீழே இறங்கின. கிள்ளிக்கொள்ளக் கையைத் தேடினாள். கை எழும்பவில்லை.

இவ்வளவுதான் பிள்ளைகளா கதை. உங்கள் குடும்பத்திலும் மனசு நோவு வந்து, தர்காவிலோ கோயிலிலோ தேவாலய ஜெபத்திலோ தேறினவர்கள் இருப்பார்கள். தேறாமல் போனவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காக யாராவது ஒரு பொய்யைச் சுமந்ததும் உண்டா? கூச்சப்படாமல் எனக்கு எழுதுங்கள், ஒன்று விடாமல் படிப்பேன்.