பொய்த்தடத்தில் பிடித்த முயல்

பல் டாக்டரை அவருடைய சங்கத்து ஆட்களே கடித்துக் கொன்றது ஒரு சனிக்கிழமை மாலை. அவர் எழுந்து மறுபடி ஓடத் தொடங்கியதும் அதே மாலைதான்.

சங்கத்தின் வேலை ஓடுவதும் குடிப்பதும். வருடத்துக்கு ஒருமுறை வேடம் உண்டு. ஒருவர் முயலாக மைதா மாவைத் தூவிக்கொண்டே முன்னால் ஓடுவார். மற்றவர்கள் நாய்களாக, வழியில் வைத்திருக்கும் பீரைக் குடித்துக்கொண்டு, மாவைப் பார்த்துத் துரத்துவார்கள். ஏய்ப்பதற்காக முயல் சில சந்துகளில் பொய்த்தடமும் போடும். அதன் முடிவில் மாவால் ஒரு பெருக்கல் குறி இருக்கும். அங்கே பிடித்தால் செல்லாது. உண்மைத் தடத்தில் பிடிபடும்வரை முயல் ஓடியாக வேண்டும். விதியை எழுதியவர்களே இரண்டாவது பீரில் அதை மறந்துவிடுவார்கள்.

அந்த வருடம் வேடங்களைத் தைத்தவள் டாக்டரின் மனைவி. தையலில் அவள் கில்லாடி, அதுவே வினையாகிவிட்டது. பாதி வழியில் வேடத்தின் தோல் எல்லோர் உடம்போடும் ஒட்டிக்கொண்டது. சங்கத் தலைவரான மருந்துக்கடைக்காரர் விளக்குக் கம்பத்தடியில் காலைத் தூக்கியபோது எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு குரைப்பாக வந்தது. சலவைக்கடைக்குப் பின்னால் டாக்டரை மடக்கினார்கள். முதல் கடி மச்சினனுடையது. அவன் பிளம்பர், சொத்தைப் பல்லை விட்டுவிட்டு டாக்டர் தன் நல்ல பல்லைப் பிடுங்கியதை அவன் மன்னிக்கவே இல்லை. கிழிந்த தொண்டையில் அந்தப் பல்லின் இடைவெளி அச்சாகப் பதிந்திருந்தது. தலைவர் ஒரு விரலைத் தின்றார். மற்றவர்கள் கிடைத்ததைக் குதறினார்கள். வாயைத் துடைக்கும்போதுதான் சடலத்தின் காலடியில் பெருக்கல் குறியைப் பார்த்தார்கள். சடலமும் பார்த்தது.

"செல்லாது மச்சான்," என்றார் டாக்டர். "பொய்த்தடத்துல கடிச்சா எப்படிடா செல்லும்?" மாவுப் பையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

நாய்களுக்கும் தோல் கழலவில்லை. பிளம்பர் கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்தான், ரத்தம்தான் வந்தது. போலீஸ் வந்தது. செத்தவரே எதிரில் ஓடுகையில் என்ன வழக்குப் போடுவது என்று திரும்பிப் போனது. டாக்டர் தினமும் தன் வீட்டு ஜன்னலைத் தாண்டி ஓடினார். மனைவி தண்ணீர் நீட்டுவாள். அது தொண்டை ஓட்டை வழியே முயல் தோலில் வழியும். மழைக்காலம் வந்து தெருவெல்லாம் மாவுப் பசையானது. பாதங்கள் தேய்ந்து, எலும்பு தார் ரோட்டில் டக் டக்கென்று கேட்கத் தொடங்கியது.

"முடியல," என்றார் ஒருநாள். "யாரையாவது ஒழுங்கா பிடிக்கச் சொல்லேன்."

அவள் தன் தம்பியான அந்தப் பிளம்பரிடம் போனாள். "ஒருதடவை கடிச்சதுக்கே தூக்கம் வரமாட்டேங்குதுக்கா," என்றான்.

"கோபத்துல கடிக்கத் தெரிஞ்சுதுல்ல? இப்ப எனக்காகக் கடிடா."

அவன் கதவைச் சாத்திக்கொண்டான். மற்றவர்களுக்கெல்லாம் கால் சுளுக்கு.

பிடித்துவிட்டால் ஜன்னலில் பார்ப்பதும் போய்விடுமே என்று அவள் வாய்விட்டு அழுதாள். பிறகு மிச்சத் துணியில் தனக்கும் ஒரு வேடம் தைத்து, வாழ்க்கையின் முதல் பீரை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். ஒவ்வொரு பெருக்கல் குறியிலும் திரும்பி வந்து, பேக்கரி வாசலில் அவரை எட்டிப் பிடித்தாள். அவரும் வேகத்தைக் குறைத்திருந்தார். கீழே குறி எதுவும் இல்லை என்பதை இருவருமாகக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். அவள் கழுத்தைக் கவ்வி ஓர் உலுக்கு உலுக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் உள்ளே ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தவனுக்குக் கேட்டது.

"இது செல்லும்," என்று சொல்லிவிட்டு டாக்டர் அவள் மடியில் இறந்தார்.

அன்றே எல்லோருக்கும் தோல் கழன்றது. அவளுக்குக் கழலவில்லை; தையல் வாடிக்கையாளர்களுக்கும் பழகிவிட்டது. நூலை இப்போது பல்லாலேயே அறுக்கிறாள், சுத்தமாக இருக்கிறது. தம்பியும் அவளிடம்தான் சட்டை தைக்கக் கொடுக்கிறான். காலர் அளவுக்கு அவள் கழுத்தருகே குனியும்போது மட்டும் அசையாமல் நிற்கிறான்.