லீவு நாளில் முப்பது

1

இந்தக் கதை எனக்கு ஒரு சண்டையில் கிடைத்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அண்ணன் ரூபேந்திரனின் கல்யாணத்தன்று வேனுக்குள் நடந்த சண்டை அது. பள்ளிக்கூடம் மூடியிருக்கும்போது அதன் வாசலில் உள்ள முப்பது கிலோமீட்டர் வேகவரம்பு செல்லுமா, செல்லாதா? இந்தக் கேள்வியால் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

(கொஞ்சம் மிகைப்படுத்துகிறேன். கொஞ்சம்தான்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'வைகாசி மாதத்து இளங்காலைப் பனியில், எங்கள் ஊர் தம்போயிலிருந்து ஒரு வெள்ளை வேன்...'

அடித்துவிட்டேன். பனியாவது ஒன்றாவது! எங்களுக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டியவர்கள் எட்டுக்குத்தான் கிளம்பினோம். ராஜசேகரன் மாமாவின் கைப்பேசியைக் காணோம் என்று வீடு முழுக்கத் தேடினோம். அது அவருடைய ஜிப்பாப் பையிலேயே இருந்தது. முகூர்த்தம் காஹாங் கோயிலில், பத்தரைக்குள்.

வேனை ஓட்டியவர் செல்வராணி அக்கா. வார நாட்களில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குபவர். அன்று ஞாயிற்றுக்கிழமை, அதுவும் பள்ளி விடுமுறை. நெடுஞ்சாலையில் நன்றாகத்தான் ஓட்டி வந்தார். குளுவாங் பக்கம் இறங்கியதும் வரிசையாகப் பள்ளிக்கூடங்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் வேன் முப்பதுக்கு இறங்கியது. பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்து முந்திப் போயின. நான்காவது பள்ளியில் மாமா பொறுமை இழந்தார்.

"ஸ்கூல் லீவு லா! யாருக்காக இப்படி ஊர்றீங்க? உள்ள ஒரு பூனகூட இல்ல."

"போர்டுல முப்பதுன்னு போட்டிருக்குண்ணே. லீவுல எவ்வளவுன்னு போடலையே."

"அலமாக்! நேரம் போயிருச்சுன்னா போர்டா வந்து தாலி கட்டும்?"

அக்கா வேனை ஓரமாக நிறுத்தினார். சாவியை உருவி மாமாவிடம் நீட்டினார்.

"நீங்களே ஓட்டுங்க. சம்மன் வந்தா உங்க வீட்டு அட்ரஸ்தான் குடுப்பேன்."

சிரிக்க வேண்டிய வசனம். யாரும் சிரிக்கவில்லை, அவர் குரல் நடுங்கியது.

3

இந்த இடத்தில் அக்காவுக்கு ஒரு பழைய சோகம் தரப் பார்த்தேன். 'பல வருடங்களுக்கு முன், சாலையைக் கடந்த ஒரு சிறுமி...'

மேலே ஓடவில்லை. அவரையே தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன்.

"ஐயோ, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல, லோஷினி. பதினெட்டு வருஷமா ஓட்டுறேன், ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் கெடையாது. நல்லாப் போறத எதுக்கு மாத்தணும்?"

எழுதுகிறவளுக்கு ஏமாற்றம். மற்றபடி, நிம்மதி.

4

சாவியைப் பிடித்தபடி மாமா நிற்கிறார். அக்கா பின்சீட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அண்ணனின் கைப்பேசி அடித்தது. கல்யாணப் பெண், கஸ்தூரி அண்ணி. அண்ணன் பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார்.

"எங்க இருக்கீங்க? என்ன சத்தம்?"

அண்ணன் உளறிக்கொட்டினார். அண்ணி சொன்னார்:

"மெதுவாவே வாங்க. எனக்கு இன்னும் ஜடையே பின்னல."

(பொய். எட்டரைக்கே தயாராகி, புடவை கசங்கும் என்று உட்காராமல் நின்றுகொண்டிருந்தாராம். பிறகு அவரே சொன்னார். இந்தக் கதைக்கு நாயகி யார் என்று எனக்குச் சந்தேகம் வந்தது இந்த இடத்தில்தான்.)

ஆனாலும் மாமா ஓட்டுநர் இருக்கையில் ஏறிவிட்டார். எடுத்த எடுப்பில் எழுபது.

5

ஐந்தாவது பள்ளி.

அ) பந்தைத் துரத்தி ஒரு குழந்தை ஓடி வருகிறது. (வேண்டாம். மாமாவைத் திருத்த ஒரு குழந்தையை ஓடவிடுவது அநியாயம்.)

ஆ) மரத்தடியில் போலீஸ். (இதுவும் மலிவு.)

உண்மையில் ஒன்றுமே நடக்கவில்லை. வாசல் பூட்டியிருந்தது. திடல் காலி. மஞ்சள் பலகை மட்டும் இருந்தது. முள் எழுபதிலிருந்து ஐம்பதுக்கு இறங்கியது. பிறகு முப்பது. மாமா யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"வண்டி பழகல."

அக்கா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். சிரிப்பு!

காஹாங் சேரும்போது பத்தே கால். பத்து இருபத்தைந்துக்குத் தாலி ஏறியது.

6

சட்டத்தைச் சொல்லாமல் முடித்தால் நீங்கள் கோபிப்பீர்கள். மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவர் "எப்பவும் செல்லும்" என்றார். ஒருவர் "பிள்ளைங்க வர்ற, போற நேரத்துக்கு மட்டும்" என்றார். மூன்றாமவர், "நீ எவ்வளவுல போன?" என்று கேட்டார்.

ஆகவே அதை விடுங்கள். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. பந்தியில் மாமா பாயச வாளியைத் தானே வாங்கிக்கொண்டு, நேராக அக்காவின் இலைக்கு முன்னால் போய்க் குனிந்து ஏதோ சொன்னார். நாதஸ்வரச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். இருவரிடமும் கேட்டுவிட்டேன், சொல்ல மாட்டேன் என்கிறார்கள். மாமா 'மன்னிச்சுக்குங்க' என்று சொல்லும் ஆள் இல்லை. அது மட்டும் நிச்சயம்.

அவர் சொன்னதற்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மாமா இருப்பார். அவர் குரலில் எழுதிக்கொள்ளுங்கள்.

கரண்டியைச் சாய்த்தபடி மாமா சொன்னார்: "