மூன்றாம் நாள் பால்

அக்காவின் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோயிருந்தது. அறுவை செய்து எடுத்தார்கள். ஆண் குழந்தை. முகம் அச்சு அசலாக எங்கள் அப்பா. வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்ததை அக்காவின் கணவர், மாமா, வாங்கிக்கொண்டார். பஸ் ஓட்டுபவர், எந்த நெரிசலிலும் நிதானம் தவறாத கை. அன்று அந்தத் துணியை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் மாற்றி மாற்றிப் பிடித்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்பாவுக்குக் காலை ஐந்து மணிக்கே போன் செய்திருந்தேன். அவர் பத்தரைக்குத்தான் வந்தார். சட்டையை மட்டும் மாற்றியிருந்தார். முழங்கையில் சாணம் காய்ந்து ஒட்டியிருந்தது. கட்டிலருகே வந்து நின்றவரை அக்கா கண் திறந்து பார்த்தாள்.

"கறந்துட்டுத்தானே வந்தீங்க?"

"கறந்துட்டுத்தான் வந்தேன்."

"எட்டு மாடும்?"

"எட்டும்."

அவ்வளவுதான் பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேரனைவிட மாடு பெரிதா என்று வெளியே வைத்து அப்பாவைக் கேட்டேவிட்டேன். அவர் மாமாவின் கையிலிருந்து அந்தத் துணிப்பொதியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார்.

எங்கள் வீடு அப்படி. காய்ச்சலோ பரீட்சையோ, மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அம்மா இறந்த அன்றும் பால் வண்டியில் எங்கள் கேன் ஏறியது. அக்காவுக்குப் பதின்மூன்று வயதில் ஒரு பசு செத்த கன்று போட்டது. அப்பா அதைச் சாக்கில் கட்டி எடுத்துப்போனார். அக்கா பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். அம்மா வாளியோடு வந்து, "மடி கல்லாயிடும்டி. கறந்துட்டு அழு" என்றாள். அக்கா கறந்தாள். முடிப்பதற்குள் அடுத்த மாடு கத்தியது. பிறகு தண்ணீர் காட்ட வேண்டியிருந்தது. அன்று அழுகைக்கு முறை வரவேயில்லை. நான் படிப்பைச் சாக்கிட்டு அங்கிருந்து தப்பித்தேன். அவள் கல்யாணம்வரை அந்தத் தொழுவத்திலேயே இருந்தாள்.

மூன்றாம் நாள் அக்காவுக்கு மார் கட்டிக்கொண்டது. நைட்டி நனைந்து போனது. மாத்திரை போட்டு நிறுத்திவிடலாம் என்றார் நர்ஸ். பக்கத்து அறையில் பிறந்து இரண்டு நாளான ஒரு பெண் குழந்தை விடாமல் வீரிட்டது. தாய்க்குக் கடும் காய்ச்சலாம், பால் சுரக்கவில்லையாம்.

"அதுக்குக் குடுக்கலாமான்னு டாக்டரைக் கேளுங்க" என்றாள் அக்கா.

ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். அந்தத் தாயையும் கேட்டார்கள். மாலையில் சம்மதம் வந்தது. நர்ஸ் கொண்டுவந்த பம்பை அக்கா ஒதுக்கிவிட்டாள். கை போதுமாம். தண்ணீரில் கொதிக்கவைத்த கிண்ணத்தை நான் பிடித்துக்கொண்டேன். அவசரமில்லாமல், ஒரே சீராகப் பிழிந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"வலிக்குதாக்கா?"

"பாரம் குறையுது."

எனக்குக் கண் முட்டியது. "தள்ளிப் போய் அழு, பால்ல விழப்போவுது" என்றாள். கோபமாக அல்ல, கதவைச் சாத்து என்று சொல்வதுபோல.

மறுநாள் அந்தத் தாய் குழந்தையை வந்து பார்க்கும்படி சொல்லியனுப்பினாள். அக்கா போகவில்லை. பால் போதுமா என்று மட்டும் கேட்டுவரச் சொன்னாள். போதுமாம். டிஸ்சார்ஜ் ஆகும்வரை மூன்று மணி நேரத்துக்கு ஒரு கிண்ணம் போனது.

ஆறாம் நாள் காரில் வீடு திரும்பும்போதுதான் அவள் மாமாவைக் கேட்டாள்.

"எங்க வச்சீங்க?"

"கிணத்துமேட்டுல."

"ஆழமா தோண்டினீங்களா? நாய் வரும்."

"ஆளுயரத்துக்குத் தோண்டினார் உங்கப்பா. என்னை மண்வெட்டியத் தொடவே விடல. முடிச்சுட்டும் எழுந்திருக்கல. மாடெல்லாம் கத்துச்சு. அன்னிக்குச் சாயந்திரம் நான்தான் கறந்தேன், எனக்குத் தெரிஞ்ச லட்சணத்துல."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீடு வந்ததும், சேர்ந்துகிடந்த துணிகளை ஊறவைக்க வாளியைத் தூக்கினாள். தையல் பிரிந்துவிடும் என்று மாமா அதைப் பிடுங்கிக்கொண்டார். வெறுங்கையை என்ன செய்வதென்று தெரியாதவள்போல அவள் சமையலறை நடுவில் நின்றாள். நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தாள்.