நட்சுயோவின் இடது கை

லாரியின் பின்கதவைத் திறந்ததும் முதலில் இறக்க வேண்டியவை இரும்பு உத்தரங்கள். அகித்தா நகரக் கூடத்தின் வாசலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் இருவர் இருவராகச் சுமந்து உள்ளே கொண்டுபோனார்கள். அந்த மல்யுத்தக் கம்பெனியில் ரிங் பூட்டத் தனியாக ஆள் கிடையாது. மாலையில் அதன்மேல் விழுந்து எழப்போகிறவர்களே மதியம் அதைப் பூட்டவும் வேண்டும். எட்டு வருடமாகப் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத நட்சுயோவும் சேர்ந்துதான் சுமந்தாள்.

வாசற்படியில் அவள் பக்கத்து முனை சரிந்தது. மறுமுனையைப் பிடித்திருந்த கினுகோ துள்ளி விலகியதால் கால் தப்பித்தது. நட்சுயோ தன் இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். விரல்கள் இன்னும் இரும்பைப் பிடித்திருப்பவைபோல மடங்கியிருந்தன.

"குளிர்ல வெறைச்சுப் போச்சுடி."

"ஆகஸ்ட்லயும் இப்படித்தானேக்கா வெறைச்சுது?" என்றாள் கினுகோ, மற்றவர்களுக்குக் கேட்காமல்.

நட்சுயோ ஹச்சினோஹே துறைமுகத்துக்காரி. அம்மா கணவாய் அறுக்கும் கொட்டகையில் வேலை பார்த்தவள். பள்ளியில் ஜூடோ படித்துவிட்டுப் பதினாறு வயதில் கம்பெனி விடுதிக்கு வந்தாள். மூத்தவர்களின் துணி துவைத்து, அண்டா அண்டாவாகக் கறிக்கஞ்சி காய்ச்சி, மிச்ச நேரமெல்லாம் தூக்கி எறியப்பட்டாள். மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது என்பதை முதலாளி குராமொச்சி முன்கூட்டியே முடிவுசெய்துவிடுவார். அவர் வருடக்கணக்காக அவள் பெயரையே சொன்னதற்குக் காரணம் இருந்தது. பயிற்சியில் அவளை அசைக்க அங்கே ஆள் இல்லை.

இதெல்லாம் கூத்து என்று பத்திரிகைகள் கேலி பேசியபோது குராமொச்சி அவளை நிஜச் சண்டைக்கு அனுப்பினார். குத்தலாம், உதைக்கலாம், கழுத்தை நெரிக்கலாம். முடிவை யாரும் முன்னால் சொல்ல முடியாது. நட்சுயோ ஒவ்வொன்றாக எல்லாவற்றிலும் ஜெயித்தாள். அவளுடைய இடது குத்துக்கு 'இடி' என்று பெயர் வந்தது. வீங்கிய முகத்தோடு மறுநாளே பஸ் ஏறி ஏதாவது சிற்றூரில் மல்யுத்தத்துக்கு நிற்பாள். வீராங்கனைகள் ஒப்பந்தப்படி கம்பெனி ஊழியர்கள் அல்ல, தனியாட்கள். ஆஸ்பத்திரிச் செலவு அவரவர் பாடு.

கை அடிக்கடி மரத்துப்போவதைக் காட்டப் போனபோது, செந்தாய் நகரத்து டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் காட்டி, கழுத்தெலும்பு நகர்ந்து நரம்பை நசுக்குகிறது என்றார். அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், இனி ரிங்கில் ஏறவே கூடாது, ஒரு முறை தப்பாக விழுந்தால் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது என்றார். கூடப் போயிருந்த கினுகோவைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

அகித்தாவில் அன்று மதியம் ரிங் பூட்டி முடிந்ததும் நட்சுயோ உடைமாற்றும் அறையில் குராமொச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஆண்டுக் கடைசியில் ஒரு டச்சுக்காரியோடு நடக்கவிருந்த நிஜச் சண்டையிலிருந்து தன்னை விட்டுவிடச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தார்.

"இந்த ஒரு சண்டை மட்டும் போதும், நட்சுயோ. பிள்ளைங்களுக்கு ரெண்டு மாசமாச் சம்பளம் போடல. சண்டையக் காட்டுற டிவிக்காரன் கைவிட்டான்னா அந்த லாரிகூட நமக்கில்ல."

"எந்திரிங்க, முதலாளி."

"சரின்னு சொல்லு, எந்திரிக்கிறேன்."

கதவு திறந்தே இருந்தது. வெளியே பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருத்தியின் பூட்ஸ் பிளந்து, பிளாஸ்டரால் சுற்றி ஒட்டியிருந்தது. போகாதே என்று அவர்களில் ஒருத்தியாவது சொல்வாளா என்று நட்சுயோ ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு குனிந்து, வலது கையால் குராமொச்சியின் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

பஸ்ஸில் கினுகோ அவளோடு மல்லுக்கட்டினாள். எங்கேயாவது போய்விடலாம் என்றாள்.

"எங்கடி போறது? அடிக்கிறதையும் விழறதையும் விட்டா எனக்கு என்ன தெரியும்?"

"அப்ப துண்டு என் கையிலதான் இருக்கும். நீங்க லேசாத் தடுமாறினாலும் எறிஞ்சு சண்டைய நிறுத்திடுவேன். அப்புறம் என்னத் திட்டக் கூடாது."

நட்சுயோ கினுகோவின் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆனால் சண்டையன்று குராமொச்சியே கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு ரிங்கில் நட்சுயோவின் மூலைக்கு வந்தார். "நீ தண்ணி மட்டும் பாத்துக்கோ" என்று கினுகோவின் கையிலிருந்த துண்டை வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

மணி அடித்த சற்று நேரத்திலேயே இடது கை இறங்கிவிட்டது. டச்சுக்காரியின் குத்துகள் தடையில்லாமல் கன்னத்தில் விழுந்தன. நட்சுயோ வேண்டுமென்றே கையைத் தொங்கவிட்டு எதிராளியைச் சீண்டுகிறாள் என்று நினைத்துக் கூட்டம் எழுந்து நின்று ஆரவாரித்தது.

"போடுங்க முதலாளி. துண்டப் போடுங்க."

குராமொச்சி துண்டின் இரு முனைகளையும் கையில் சுற்றி இறுக்கிக்கொண்டார். கினுகோ பிடித்து இழுத்தாள். அது வரவில்லை.

அடுத்த சுற்றில் டச்சுக்காரி அவளைத் தூக்கிப் போட்டாள். நட்சுயோ மோவாயை நெஞ்சோடு ஒட்டிவைத்து முதுகில் விழுந்தாள். விழுந்த இடத்திலேயே மேலே வந்து விழுந்த டச்சுக்காரியின் இடுப்பைக் கால்களால் பூட்டி, வலது கையை மட்டும் கழுத்தில் கொடுத்து நெரித்தாள். நெற்றி நரம்பு புடைத்தது. அவ்வளவு பெரிய உடம்பு கொஞ்ச நேரம் திமிறிவிட்டு, தோல்வி என்று தரையைத் தட்டியது.

நடுவர் நட்சுயோவின் இடது கையை உயர்த்திக் காட்டினார். அவர் விட்டதும் அது அப்படியே தொப்பென்று தொடையில் விழுந்தது. அதற்குள் குராமொச்சி மைக்கை வாங்கி, நட்சுயோவின் அடுத்த சண்டை வசந்தத்தில் என்று அறிவித்துக்கொண்டிருந்தார்.

வெளித் தாழ்வாரத்தில் சட்டை விற்கும் மேசைக்குப் பின்னால் அவளை நிற்கவைத்தார்கள். வாங்குகிறவர்கள் அவளிடம் கன்னத்தில் ஒரு அறையும் வாங்கிக்கொண்டு போவார்கள். வீராங்கனை கையால் அறை வாங்கினால் வருடம் முழுக்கத் தெம்பு என்று நம்பிக்கை. வரிசை படி வரைக்கும் நீண்டிருந்தது.

கோட்டுப் போட்ட ஒரு நடுவயதுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். "வேலை போயிருச்சும்மா" என்றார். "இடது கையாலயே ஒண்ணு குடுங்க."

நட்சுயோ வலது கையை எடுத்தாள்.

"இடதும்மா. தயவு பண்ணுங்க."

"ஆசைப்படுறாருல்ல, குடுத்துடு" என்று சிரித்தார் குராமொச்சி.

நடுவயதுக்காரர் கண்ணை மூடிக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். கினுகோ நட்சுயோவை ஒட்டிப் பின்னால் வந்து நின்றாள். அவளுடைய மேலங்கிக்குள் கைவிட்டு, இடது முழங்கையைத் தாங்கித் தூக்கி, வீசினாள். உயிரில்லாத விரல்கள் கன்னத்தில் பட்டுச் சரிந்தன. அவருடைய கண்கள் கலங்கிவிட்டன. இடுப்பை வளைத்துக் குனிந்து, ரொம்ப நன்றி என்று சொல்லிவிட்டுப் போனார்.

குராமொச்சி வரிசையை மறித்திருந்த கயிற்றை விலக்கினார். அடுத்தவர் வரும்போதே கண்ணை மூடியிருந்தார்.